ஊதா மூடி

என் இடது கையில் நரம்பு சுலபமாகக் கிடைக்கும் டாக்டர். ரப்பர் பட்டைகூட வேண்டாம், விரல்களை இறுக்கி மூடினாலே புடைத்துக்கொண்டு நிற்கும். வலது கைதான் மக்கர் பண்ணும். வருடக்கணக்காக அடுத்தவர் கையில் ஊசி போட்டுப் பிழைக்கிறவன் நான். அனகாபுத்தூரிலிருந்து கோவிலம்பாக்கம் வரைக்கும் எந்தத் தெருவில் யாருக்கு எந்தக் கையில் ரத்தம் வரும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கொஞ்சம் உட்காருங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் என் ரத்தத்தை உங்கள் கையாலேயே எடுக்க வேண்டும் என்று சொன்னதற்காகச் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே பெஞ்சில் சினேகாவும் கங்கம்மா அக்காவும் உட்கார்ந்திருக்கிறார்கள். சினேகா என் மனைவி. அக்காவின் மகள். இந்த இரண்டும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், சினேகாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்று என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அப்போது நான் அரை டிராயர் போட்ட பையன். அவள் அழுதுகொண்டே என் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டாள். அந்தப் பொத்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் பெரிய மனுஷி ஆனபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியதும் நான்தான். "உன் பொருளுக்கு நீதான்டா காவல்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. படித்துவிட்டுப் பம்மலில் ஒரு நர்சரி ஸ்கூலில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் சாப்பிட்டாள். அதற்கு என்ன அர்த்தம்? சம்மதம் என்றுதானே.

குழந்தை தங்கவில்லை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். நான் கொடுத்ததை அவர்கள் சுத்தப்படுத்தி, ஊசிக்குழாய் வழியாக அவளுடைய கருப்பையில் வைத்தார்கள். இரண்டாவது தடவையிலேயே பலித்துவிட்டது. ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்களும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

தருணை நீங்கள் இன்குபேட்டரில் பார்த்திருக்கிறீர்கள். மேலுதடு மூக்குவரை பிளந்து, வாய்க்குள் அண்ணம் இல்லாமல், இதயத்தில் ஓட்டை. இரண்டு சிறுநீரகமும் வீங்கி வயிறு தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கையிலும் காலிலும் ஆறாறு விரல். இந்த நோய்க்கு இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயரைச் சேர்த்து ஒரு பெயர் சொன்னீர்கள். எனக்கு இன்றுவரை அது வாயில் நுழையவில்லை.

ஆனால் சினேகா ஒன்று சொன்னாள், அது மறக்கவில்லை. ஸ்கூலில் பிள்ளைகளுக்கு விரல்களை அம்மா விரல், அப்பா விரல் என்று சொல்லிக்கொடுப்பாளாம். தருணின் கையை விரித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஆறாவது விரல் வந்ததும் கொஞ்சம் யோசித்தாள். "இது கெஸ்ட்டு மாமா. வூட்டுக்கு வந்தவங்களை வெளிய போன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டுவாள். பாதி மூக்கு வழியாக வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடியும் புகட்டுவாள். ஆடியில் பிறந்தவன், ஆயுத பூஜை வரைக்கும் இருந்தான்.

எல்லாம் முடிந்து ஆட்டோவில் வரும்போது அவள் சொன்னதுதான் இதற்கெல்லாம் காரணம். இந்த நோய் அம்மாவிடமிருந்து ஒரு பிழை, அப்பாவிடமிருந்து அதே பிழை, இரண்டும் சேர்ந்தால்தான் வரும் என்றும், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அப்படிச் சேர்வதற்கு வாய்ப்பு அதிகம் என்றும் நீங்கள் எங்களுக்கு விளக்கியிருந்தீர்கள். குழந்தையின் ரத்தத்தை எடுத்து வைத்திருந்தீர்கள். எங்கள் இருவரின் ரத்தமும் வேண்டும் என்றீர்கள்.

பல்லாவரம் பாலத்தில் ஏறும்போது சினேகா சொன்னாள். "மாமா, டெஸ்ட்டுல நம்ம சொந்தந்தான் காரணம்னு வந்துச்சுன்னா நான் உன்கூட இருக்க மாட்டேன். உன் மேல கோவம்லாம் இல்ல. எனக்கு நல்லபடியா ஒரு புள்ள வேணும். உனக்கும் வேணும். அவங்கவங்க வேற பாத்துக்கலாம்."

பக்கத்தில் அக்கா. மகளை அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவ சொல்றதுல இன்னா தப்பு கீது?" என்றாள். "இன்னொரு தபா இந்தக் கண்றாவியப் பாக்க என்னால முடியாது, பிரசன்னா."

என்னைத் தூக்கி வளர்த்த அக்கா. அன்றைக்கு ஆட்டோவில் நான் ஒருவன்தான் அன்னியன்.

என் வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ட்யூபில் பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபில் கொடுக்க வேண்டும். எங்கள் ரத்தத்தை நானே எடுத்து வருகிறேன் என்றேன். அதற்கென்ன, நம்ம லேப் ஆள்தானே என்றீர்கள். நீங்கள் என் மேல் வைத்த நம்பிக்கைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சினேகாவின் ரத்தத்தை வீட்டில் வைத்து எடுத்தேன். இந்த மாதிரி சோதனைக்கு ஊதா மூடி போட்ட ட்யூப். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலித்ததா என்று கேட்டேன். "உன் கை வலிக்காது மாமா" என்றாள்.

இரண்டாவது ஊதா மூடியில் என் பெயரை ஒட்டினேன். அதில் இருந்தது ஜெரோமின் ரத்தம்.

ஜெரோம் எங்கள் லேபில் என்னோடு பைக்கில் சுற்றுகிறவன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, அவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். புது மெஷின் வந்திருக்கிறது, ஓட்டிப் பார்க்கக் கொஞ்சம் ரத்தம் கொடு என்றேன். "இன்னா மச்சான், என் ரத்தத்துல குவார்ட்டர் வாசம் வரும், மெஷின் மப்பாயிடும், பரவால்லியா?" என்று கையை நீட்டினான். அவனுக்கும் எனக்கும் ஒரே குரூப். அதைக்கூட யோசித்துத்தான் செய்தேன்.

என் கணக்கு நேர்மையான கணக்கு. இருவரிடமும் குறை என்று வந்தால் அவள் போய்விடுவாள். அவளிடம் மட்டும் குறை என்று வந்தால் போக மாட்டாள். குறை தன்னிடம் இருக்கும்போது எந்தப் பெண் புருஷனை விட்டுப் போவாள்? அவளைப் பற்றி யாரும் தப்பாகப் பேசவும் வழியில்லை. ரத்தத்தில் வந்தது, யார் என்ன செய்ய முடியும். எல்லோருக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

நான் தப்புக் கணக்குப் போட்டது ஒரே இடத்தில். நாங்கள் தினமும் எடுப்பது சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. ட்யூபில் இருக்கும் ரத்தத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அவ்வளவுதான் கேள்வி. இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ரத்தத்தை அனுப்பிய பிறகு, எங்கள் லேப் சீனியர் தோத்தாத்ரி சாரிடம் டீக்கடையில் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அப்பன் ட்யூபில் வேற ஆள் ரத்தம் கலந்துபோனால் தெரியுமா சார் என்று.

அவர் சிரித்தார். "அட அசடே, மூணு பேர் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சில்ல பாக்கறா. அதுல மொதல்ல தெரியறதே கொழந்தைக்கு அப்பன் யாருன்னுதான். ஏன், எந்த வீட்டுல ரகளை?"

டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அப்போதே உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ட்யூப் மாறிவிட்டது மேடம், மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றால் அதோடு போயிருக்கும். எடுத்த போனை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தால் என் ரத்தத்தைத்தானே எடுக்க வேண்டும்?

அதற்குள் உங்களிடமிருந்து போன் வந்தது. சினேகா மட்டும் தனியாக வரட்டும் என்றீர்கள். நீங்கள் செய்தது கண்ணியமான காரியம். புருஷனுக்குத் தெரியாமல் அவளைக் காப்பாற்ற நினைத்தீர்கள். நான் இதே ஆஸ்பத்திரி வாசலில் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவள் வெளியே வந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. படியில் கால் வைத்து, அது படிதானா என்று சோதித்துச் சோதித்து இறங்கினாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் இல்லியாம் மாமா. என்கிட்டதான் கொறையாம்."

பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு வாரம் அவள் தூங்கினாளா என்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழியும், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். வேற ஆளைத் தொட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தொட்டிருக்கிறாய் என்று ரத்தம் சொல்கிறது. ரத்தம் பொய் சொல்லாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

பிறகு அவளாகவே ஒரு விடை கண்டுபிடித்தாள். காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலேயே வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு என்னை அடிச்சுக்கூடப் போடு." எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் தனியாகச் சொன்னதை, தான் மறைத்ததை. "அந்த கிளினிக்குல மாத்திட்டாங்க மாமா. வேற எவனோடதோ எனக்குள்ள வெச்சிட்டாங்க. தருண் உன் புள்ள இல்ல. நான் சத்தியமா..."

உண்மையைச் சொல்வதற்கு அது நல்ல சமயம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தீர்களானால் உங்களுக்கும் மனம் வந்திருக்காது. என்னை அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு பயத்தோடு அவள் பார்த்ததே இல்லை. மன்னிப்பு என்றால் கொஞ்சம் தாமதித்து வந்தால்தான் அதற்கு மதிப்பு. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஆற்றுப் பக்கத்திலிருந்து நாற்றம் வந்தது, ஜன்னலைச் சாத்தினேன். பிறகு திரும்பி வந்து அவள் தலையில் கை வைத்தேன்.

"போனது போவட்டும் சினேகா. உன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. நான் உன்னை மன்னிச்சிட்டேன்."

என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அன்றிலிருந்து நீங்க என்று மாறிவிட்டாள். ஒரு தடவைகூடத் தவறி நீ என்று சொன்னதில்லை.

அக்கா அந்தக் கருத்தரிப்பு மையத்துக்குப் போய் வாசலில் உட்கார்ந்து ரகளை செய்தாள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவர்கள் ரோஸி என்று லேபில் இருந்த பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தப் பெண் போகும்போது அக்காவிடம், "நான் மாத்தலக்கா, என் புள்ளைங்க மேல சத்தியம்" என்று சொன்னதாம். அக்கா நம்பவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல கை வேலை தெரிந்த பெண், வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கும்.

பிறகு உங்களிடமே வந்தோம். என் பெயரில் இருந்த ரத்தத்தில் பிழை இல்லையே, அதனால் நீங்கள் தைரியம் சொன்னீர்கள். "உங்க ஹஸ்பெண்டுக்குப் பிறக்கற குழந்தைக்கு இது வராது, சினேகா. பயப்படாம பெத்துக்குங்க." உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இறந்த குழந்தையிடம் அந்தப் பிழையின் இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது, அப்படியென்றால் அப்பனும் இவள் ரத்த சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்குச் சொன்னீர்களே, அதை அன்றைக்கே கவனிக்காமல் விட்டோமே என்று வருத்தப்படாதீர்கள். நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்.

அவள் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை கிளினிக் இல்லை, ஊசி இல்லை. நாலில் ஒரு பங்குதான் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். நாலில் மூன்று பங்கு நல்லது. எந்த லாட்டரியில் அவ்வளவு கொடுக்கிறார்கள்? மூன்றாம் மாதம் அவளே கேட்டாள். "நஞ்சுக்கொடியில இருந்து எடுத்துப் பாக்கற டெஸ்ட்டு ஒண்ணு இருக்காமே மாமா, எதுக்கும் பாத்துடலாமா?" வயிற்றுக்குள் ஊசி விடுவதெல்லாம் வேண்டாம், டாக்டரே பயமில்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். ஊசியைப் பற்றி நான் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் பெரிதாக இருந்தது. உதடு பிளந்திருந்தது. திரையில் கை விரிந்தபோது சினேகா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "கெஸ்ட்டு வந்திருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீங்கள் ஸ்கேன் கருவியை எடுத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் மறுபடி அவளைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். புருஷனிடம் பிழை இல்லையே, அப்படியென்றால் இது யாருடையது என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? பழி போட இந்தத் தடவை கிளினிக்கும் இல்லை. அக்கா அவள் தலைமுடியைப் பிடித்து, "எவன்டீ அவன், சொல்லித் தொலை" என்று கேட்டாள். நான்தான் குறுக்கே போய் விலக்கினேன். குழந்தையை என்ன செய்வது, வைத்துக்கொள்வதா வேண்டாமா, பிறந்தால் எந்த ஆஸ்பத்திரி, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். யாருடையது என்றே தெரியாததைப் பற்றி நான் எப்படி முடிவு செய்வேன் என்கிறாள். நாள் போய்க்கொண்டிருக்கிறது என்று நீங்களும் சொல்லிப் பார்த்துவிட்டீர்கள்.

ஒருநாள் என்னைக் கேட்டாள். "நான் தூக்கத்துல எழுந்து எங்கனா போறேனா மாமா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

அதை அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, வெளியே பூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ஸ்கூல் வேலையையும் விட்டுவிட்டாள். "என்னை நம்பாதீங்க மாமா. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல." கேட்டுக்கொண்டவள் அவள்தான், நானாகச் செய்யவில்லை. பூட்டிவிட்டுப் போனேன். மதியம் சாப்பிட வரும்போது திறப்பேன். போகும்போது பூட்டுவேன். ஜன்னல் ஓரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள், நான் போனபோது எப்படி இருந்தாளோ அப்படியே. ஒரு மாதம் இப்படிப் போனது. உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் எங்கே இருக்கிறாள் என்ற கவலை இல்லாமல் நான் வேலை பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

இன்றைக்குக் காலையில் இங்கே கிளம்பும்போது ஒரு பையில் துணி எடுத்து வைத்திருந்தாள். தருணுக்குப் பால் கொடுத்த பாலாடையும் அதில் இருந்தது. நான் ரத்தம் கொடுத்து முடிந்ததும் இங்கிருந்து அப்படியே போய்விடப் போகிறாளாம். அம்மா வீட்டுக்குக்கூட இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் இந்த மாதிரி பெண்களை வைத்துக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறதாம்.

"எனக்கே தெரியாம உங்களுக்குத் துரோகம் பண்ணிக்கினு இருக்கேன் மாமா. நீங்க தங்கமானவரு. வேற நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டிக்குங்க."

இதுவரைக்கும் சொன்னதில் உங்களுக்குப் புரிந்திருக்கும், நான் செய்தது எல்லாமே அவள் போகக் கூடாது என்பதற்காக. அது இப்போது அவளைப் போக வைக்கிறது என்றால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் ஊசியை எடுத்ததால் இல்லை.

ஆக, ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தருண் என் மகன். வயிற்றில் இருப்பதும் என் குழந்தை. பிழை அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. என் பெயர் ஒட்டிய ட்யூபில் வேற ஆளின் ரத்தத்தை வைத்தது நான். அவள் யாரையும் தொடவில்லை. தூக்கத்தில் எங்கேயும் போகவில்லை. எனக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும்.

இனி எடுக்கலாம் டாக்டர். ஊசியை ரொம்பச் செங்குத்தாகப் பிடித்திருக்கிறீர்கள். அப்படி இருந்தால் நரம்பு நழுவிவிடும். கொடுங்கள், நானே எடுத்து, பெயர் ஒட்டித் தந்துவிடுகிறேன்.

வேண்டாமா. சரி.

முடிந்ததும் அவளை உள்ளே கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பதறுவாள். கோபப்பட்டால் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். அவள் தப்பு செய்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மனதார மன்னித்தேன். அதில் பாதியாவது அவள் எனக்குத் திருப்பித் தர மாட்டாளா. தருவாள். சின்ன வயதிலிருந்து அவளை எனக்குத் தெரியும்.

அந்தத் துணிப் பையை நான் பைக்கில் மாட்டி வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.